ஆளில்லாத இடத்தில் ஒரு சதுரம்

பொழுது சாய்கிற நேரம். கண்டிக்குப் பக்கத்துப் பிலிமத்தலாவைக் கடைத்தெருவைத் தாண்டி மேட்டுப் பக்கம் திரும்பினால் ஒரு ஒடுங்கிய ரோட்டு வரும். ஒரு பக்கம் மண்திட்டு. மறுபக்கம் பள்ளம். லைட் கம்பம் இருக்கிறது... லைட் இல்லை. மழை விட்டுவிட்டது, மரங்கள் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தன. அந்த ரோட்டில் யசோதினி தனியாக ஏறி வந்துகொண்டிருந்தாள். கைப்பையை மார்போடு அணைத்திருந்தாள்.

பைக்குள் இருந்தது ஒரு கணினிப் புரொசெசர். பிஸ்கட் அளவுதான் இருக்கும்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கத்திச் சொல்லக்கூடிய கதை இல்லை இது. என்னோடு வேலை செய்கிற நடராஜாவைத் தெரியும்தானே? அவனுடைய சித்தப்பா மகன் மோகனராஜ். அந்த மோகனராஜின் மனைவிக்கு நடந்தது. நடராஜா கதை கட்டுகிற ஆள் இல்லை. இதைச் சொல்லும்போது தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டான்.

யசோதினி கண்டியில் ஒரு பாடசாலையில் கணினி டீச்சர். புருஷனுக்குக் கொழும்பில் வேலை, சனி ஞாயிறுக்கு மட்டும் வருவான், சில வாரம் அதுவும் இல்லை. பிள்ளை இல்லை. தகப்பன் வீரய்யா காலமாகிவிட்டார். தகரக் கூரை போட்ட அந்த மேட்டு வீட்டில் அவளும் தாய் அன்னலட்சுமியும்தான்.

ஹாலில் டிவிக்குக் கீழே ஒரு கறுப்புக் கணினிப் பெட்டி. பல வருடங்களுக்கு முன் யசோதினியே சாமான் வாங்கி ஒவ்வொன்றாகப் பூட்டியது. சேர்வர் என்று சொல்வாள். அம்மாவின் பக்திப் பாட்டு, பழைய படங்கள், கல்யாண வீடியோ, அல்பங்களிலிருந்து ஸ்கேன் செய்த போட்டோக்கள், எல்லாம் அதற்குள். கேட்டிலிருந்த கெமராவும் அதோடுதான் இணைந்திருந்தது. பெட்டிக்கு வயதாகிவிட்டது. படம் நடுவில் நின்றுவிடும். உதடு அசைந்து முடிந்த பிறகுதான் குரல் வரும்.

"என்னடி இது, அழுவுறவ வாயத் தொறந்தபடியே நிக்கிறா," என்று அன்னலட்சுமி சலித்துக்கொள்வாள்.

அம்மாவுக்கு எழுபதாவது பிறந்தநாள் வந்துகொண்டிருந்தது. முகத்தை வைத்துப் போட்டோக்களைப் பிரிக்கிற மென்பொருள் ஒன்று இருக்கிறது. இது அம்மா, இது அப்பா என்று ஒரு தடவை பெயர் சொல்லிக் கொடுத்தால் போதும், மிச்சத்தை அதுவே பொறுக்கி எடுத்துவிடும். அப்படிப் பொறுக்கி, அம்மாவின் மடியிலிருந்து தான் வளர்ந்து வந்ததை ஒரு வீடியோவாகச் செய்து டிவியில் காட்ட வேண்டும். அதுதான் யசோதினியின் ஆசை. பழைய புரொசெசருக்கு அந்த வேலைக்குத் தெம்பு இல்லை. ஆகவே கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில் கணினிச் சாமான் கடை வைத்திருக்கும் சாஹுல் ஹமீதிடம் போனாள். நானா என்றுதான் அவரைக் கூப்பிடுவாள், அண்ணன் முறை.

"போர்ட்ட மாத்தத் தேவல்ல டீச்சர்," என்றார் அவர். "இதே சொக்கெட்டுக்கு ஐ-செவன் புரொசெசர் ஒன்டு ஈக்கு. பாவிச்சது தான், ஆனா நல்ல சாமான். மொதல்ல பயோஸ அப்டேட் பண்ணிட்டுப் போடுங்க."

வீட்டுக்கு வந்ததும் உடுப்புக்கூட மாற்றவில்லை. பெட்டியைக் கவிழ்த்துத் திறந்தாள். காற்றாடியைக் கழற்றியபோது, கீழே பூசியிருந்த பசை காய்ந்து திருநீறுபோல உதிர்ந்தது. துடைத்தாள். புரொசெசர் உட்காருகிற சொக்கெட்டின் கொக்கியை நெம்பினாள்... டிக். பழையது வெளியே வந்தது. புதியதை, சொக்கெட்டுக்குள் இருந்த மயிரிழை ஊசிகள் வளையாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்கினாள்.

அன்னலட்சுமி வந்து பின்னால் நின்றாள்.

"அது என்னடி?"

"இது தான்மா இதுக்கு மூள. பழச எடுத்துட்டு நல்லதா ஒன்னு வைக்கிறேன். இனி எல்லாரையும் இது அடையாளம் கண்டுக்கும்."

தாய் குனிந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"எல்லாரையுமா?"

யசோதினி சிரித்துக்கொண்டே சுவிட்சைப் போட்டாள்.

காற்றாடி ஹூம் என்று எழுந்தது. ஒரு வாசம் வந்தது. பால் பொங்கி அடுப்பில் வழிந்து தீய்கிற வாசம். குசினிக்கு ஓடிப் பார்த்தாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. ஏதோ தூசி சூடாகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

படம் தடங்கலில்லாமல் ஓடியது. கேட் கெமராவையும் புதிய மென்பொருளோடு கோத்துவிட்டாள். இனி யார் கேட்டைத் தாண்டினாலும் பெயரோடு, படத்தோடு போனுக்குச் செய்தி வரும். கடைசியாகக் கைக்குழந்தைப் போட்டோ ஒன்றைத் திறந்தாள். ஸ்டூடியோவில் எடுத்தது, கன்னத்தில் கறுப்புப் பொட்டு. சிறுவயதில் அம்மா மடியில் இருத்திக் காட்டிக் காட்டிச் சொன்ன படம், 'இது நீ தான்' என்று. அந்த முகத்தில் தட்டி 'யசோதினி' என்று எழுதினாள். மெஷினை வேலை செய்யவிட்டுப் படுக்கப் போனாள்.

காலையில் வேலை முடிந்திருந்தது. அம்மா ஒரு கூட்டம், அப்பா ஒரு கூட்டம், மோகனராஜ் ஒரு கூட்டம். யசோதினி மட்டும் இரண்டு.

ஒன்றில் கைக்குழந்தை, தவழ்கிற பிள்ளை, மூன்று சக்கர சைக்கிளில் இருக்கிற பிள்ளை. மேலே 'யசோதினி' என்று இருந்தது. மற்றதில் வெள்ளைச் சட்டையோடு பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, பாவாடை தாவணிப் பெண், மணப்பெண், டீச்சர். அதற்கு மேலே 'பெயர் தெரியாதவர்' என்று போட்டிருந்தது.

பிழை செய்கிறது என்று நினைத்தாள். இரண்டையும் ஒன்றாக்கினாள். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தால்... இரண்டு. மறுபடியும் ஒன்றாக்கினாள். கண் முன்னாலேயே காற்றாடி வேகமெடுத்து இரைந்தது. சட்டென்று அடங்கியது. இரண்டு.

சாஹுல் ஹமீதுக்குப் போன் போட்டாள்.

"நீங்க ஒன்டாக்கினா ஒன்டா தான் ஈக்கோணும் டீச்சர். தானாப் பிரியாதே."

"நீங்க தந்த புரொசெசர்ல ஏதும் பிழையா நானா?"

"பிழையான புரொசெசர்ன்டா மெஷின் நின்டு போகும்," என்றார் அவர். "பொய் சொல்லாது."

யசோதினி போனை வைத்துவிட்டு அந்தக் கைக்குழந்தையின் முகத்தைப் பெரிதாக்கினாள். முதல் தடவையாக, ஒரு அந்நியரின் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். காதுச் சோணை... கன்னத்தோடு ஒட்டிப் போயிருந்தது. கண்ணாடிக்கு முன்னால் போய்த் தலைமுடியை ஒதுக்கினாள். அவளுடையது ஒட்டவில்லை. தனியாகத் தொங்கியது.

'யசோதினி' கூட்டத்துக்குத் திரும்பினாள். சைக்கிள் பிள்ளையோடு அது முடிந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தாள். முடியவில்லை. கீழே இன்னும் படங்கள் இருந்தன.

பாடசாலை விளையாட்டுப் போட்டி. யசோதினி பரிசுக் கோப்பையோடு நிற்கிறாள். மெஷின் அவளை விட்டுவிட்டு, கூட்டத்தின் ஓரத்தில் நிற்கிற அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு சதுரம் போட்டிருந்தது. முகம் கண்ட இடத்தில் போடுகிற சதுரம். அதற்குள் வெறும் புல்தரை. அம்மாவின் இடுப்பு உயரத்தில் இருந்தது.

அவள் பெரியபிள்ளையான சடங்கு. மாலையோடு உட்கார்ந்திருக்கிறாள். அம்மா அவளுக்குப் பக்கத்தில் இல்லை, கதவோரம் நிற்கிறாள். அம்மாவுக்கு இடப்பக்கம், திரைச்சீலையின் மேல் சதுரம். இப்போது தோள் உயரத்தில்.

கல்யாணம். மணவறைக்குப் பின்னால் கட்டியிருந்த வாழை மரத்தடியில், யாருமே இல்லாத இடத்தில் சதுரம். யசோதினியின் உயரம், அச்சொட்டாக. சதுரத்துக்குக் கீழே எழுத்து: யசோதினி.

ஆளில்லாத அந்த இடம் வருடா வருடம் வளர்ந்துகொண்டே வந்திருந்தது.

அதைவிட அவளை நடுக்கியது வேறு. ஒவ்வொரு படத்திலும் அம்மாவின் உடம்பு அந்தப் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருந்தது. கை விரிந்திருந்தது, ஒரு பிள்ளையின் முதுகில் வைக்கிற மாதிரி. இத்தனை வருடமாக இந்தப் படங்களைப் பார்க்கிறாள். ஒரு தடவைகூட அது கண்ணில் பட்டதில்லை.

"அம்மா, இங்க வாங்க."

அன்னலட்சுமி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். டிவியில் அந்தச் சதுரத்தைப் பார்த்தாள். பயப்படவில்லை. முகம் மலர்ந்தது.

"நல்லாத் தெரியுது என்ன?" என்றாள். "அன்னைக்கு நீலச் சேல உடுத்தியிருந்தா."

"யாரு?"

"மூத்தவ."

அதன் பிறகு தாய் கதிரையில் உட்கார்ந்து, காய்கறி விலை சொல்வதுபோலச் சொன்னாள். மூத்தவளுக்கு நாலு வயதில் மூளைக்காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில், காருக்குள், மடியிலேயே போய்விட்டாள். அன்னலட்சுமி சாப்பிடவில்லை, குளிக்கவில்லை, கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீரய்யாவுக்கு வேறு வழி தெரியவில்லை. சாவை எங்கும் பதியவில்லை. குசினி வேலைக்கு வந்துகொண்டிருந்த பாலம்மாவிடம் அவளைவிடக் கொஞ்சம் சின்னதாக ஒரு பெண்பிள்ளை இருந்தது.

"பாலம்மாவோட பிள்ளையா நான்?"

தாய் தலையாட்டினாள்.

யசோதினிக்குப் பாலம்மாவைத் தெரியும். கடுகண்ணாவைப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து வருடா வருடம் தீபாவளிக்கு வருவாள். பின்பக்கமாக வந்து குசினிப் படியில் உட்காருவாள், உள்ளே வரமாட்டாள். யசோதினிதான் தன் பழைய சேலைகளை மடித்துக் கொடுப்பாள். பாலம்மா வாங்கிக்கொண்டு, சேலையைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். போன வருடம் இறந்துபோனாள். தவணைப் பரீட்சை நேரம் என்று யசோதினி சாவீட்டுக்குப் போகவில்லை.

"அப்ப என் பேரு?"

"அவளோடது."

"பொறந்த நாளு? ஜாதகம்? என் கல்யாணத்துக்குப் பொருத்தம் பாத்தீங்களே..."

"எல்லாம் அவளுக்குப் பாத்தது தான்."

"பேரக் கூட எனக்குன்னு ஒன்னு வைக்கலியா நீங்க?"

அன்னலட்சுமி அவள் கன்னத்தைத் தொட்டாள். அன்பாகத்தான் தொட்டாள். அதுதான் பயங்கரம்.

"நீ வீட்டுக்கு வந்த அன்னைக்குத் தான்டி அவ திரும்பி வந்தா. மொதல்ல சின்னப் பிள்ளயாவே நின்னா. நீ வளர வளர, உன்னப் பாத்துப் பாத்து அவளும் வளந்தா. நீ ஒரு அங்குலம் வளந்தா அவளும் ஒரு அங்குலம். அதுக்குத் தானே உனக்கு ஒரு கொறையும் வைக்காம வளத்தேன்."

யசோதினி எழுந்து வெளியே வந்தாள். முற்றத்தில் நின்று புருஷனுக்குப் போன் எடுத்தாள். கொழும்பில் ஏதோ கூட்டத்தில் இருந்தான். ஒரு கேள்விதான் கேட்டாள்.

"கல்யாணத்துக்கு முந்தியே மாமா சொல்லிட்டாரு யசோ," என்றான். "உனக்குத் தெரிய வேணாம்னு தான்... நம்ம சொந்தத்துல எல்லாருக்கும் தெரியும்."

எல்லாருக்கும். ஆசீர்வாதம் செய்த கைகள், ஜாதகம் பொருந்துகிறது என்று சொன்ன வாய்கள், வருடா வருடம் பிறந்தநாளுக்குக் கேக் தின்றவர்கள்... எல்லாருக்கும்.

கைப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு இறங்கினாள். கட்டுகஸ்தோட்டையில் நடராஜா வீடு இருக்கிறது, அங்கே போவோம் என்று பஸ் ஏறினாள். பேராதனைப் பாலத்தைத் தாண்டும்போது போன் சிணுங்கியது.

'யசோதினி வீட்டுக்கு வந்திருக்கிறார்.'

படத்தைத் திறந்தாள். மத்தியான வெயில். கேட் அகலத் திறந்திருந்தது. அன்னலட்சுமி இரண்டு கையையும் நீட்டியபடி வாசல் வரை வந்திருந்தாள். அவளுக்கு எதிரில் வெறும் சிமெந்துத் தரை. அதன் மேல், யசோதினியின் உயரத்தில், ஒரு சதுரம்.

அம்மா அப்படிச் சிரித்து அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

நடராஜாவும் மனைவியும் அவளை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். பாலம்மா விஷயம் அவர்களுக்கும் தெரிந்ததுதான், சதுரத்தைத்தான் முதலில் நம்பவில்லை. வயதான மனுசி, மூத்த மகள் செத்த துக்கத்தில் ஏதோ சொல்கிறாள், மெஷினும் பழுது என்று சமாதானம் சொன்னார்கள். மறுநாள் காலை உடுப்பு எடுத்துவர நடராஜாவே அவளைக் கூட்டிக்கொண்டு போனான். இனி நான் சொல்வது அவன் தன் கண்ணால் பார்த்தது.

கேட் பூட்டியிருந்தது. யசோதினி மணியை அழுத்தினாள். அவள் கையிலிருந்த போன் சிணுங்கியது. இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

'பெயர் தெரியாத ஒருவர் வாசலில் நிற்கிறார்.'

நடராஜா ஓரத்தில் நின்றான், கெமராவில் விழவில்லை. படத்தில் அவள். தெளிவாக, முழுசாக அவள்.

அன்னலட்சுமி வந்து கேட்டைத் திறந்தாள், சின்ன முற்றத்துக்கு அப்பால் முன்கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளேயிருந்து பால் தீய்கிற வாசம் வெளியே வந்தது, நடராஜாவுக்கும் அடித்தது. ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. சின்ன மேசையில் இரண்டு கோப்பைத் தேத்தண்ணி. இரண்டிலும் ஆவி பறந்துகொண்டிருந்தது.

"அம்மா," என்றாள் யசோதினி.

தாய் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். மறதிக்காரியின் பார்வை இல்லை அது. நடராஜாவைப் பார்த்து, "வாங்க நடராஜா தம்பி, வீட்டுல எல்லாரும் சொகமா?" என்று பெயர் சொல்லி, முறையாகத்தான் விசாரித்தாள். பிறகு மறுபடியும் அவள் பக்கம் திரும்பினாள்.

"பாலம்மா மகளா? இப்பிடி முன்னால வரக் கூடாதும்மா. பின்பக்கமா வா. பழைய சேல ஏதும் இருந்தா எடுத்துத் தரச் சொல்றேன்."

உள்பக்கம் தலையைத் திருப்பிக் குரல் கொடுத்தாள்.

"யசோ... அந்த அலுமாரியத் தொற."

உள்ளே, அறைக்குள், அலுமாரிக் கதவு கிரீச்சிட்டுத் திறந்தது.

நடராஜா அவளை இழுத்துக்கொண்டு ஓடிவந்ததாகச் சொன்னான். இல்லை, அவள்தான் தன்னை இழுத்துக்கொண்டு வந்தாள் என்று பிறகு திருத்திச் சொன்னான். மெயின் ரோட்டுக்கு வரும்வரை இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அதன் பிறகு அவள் அந்த வீட்டுக்குப் போகவே இல்லை. கட்டுகஸ்தோட்டையில் ஒரு அறை வாடகைக்கு எடுத்தாள். அங்கிருந்தே பாடசாலைக்குப் போய்வந்தாள். ஒரு நாள் கடுகண்ணாவைக்குப் போய் பாலம்மா இருந்த லயத்தைத் தேடிப் பிடித்தாள். அங்கே இருந்த கிழவி ஒருத்தி, பாலம்மா தன் பிள்ளைக்கு என்ன பெயர் வைத்திருந்தாள் என்று யோசித்து யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை.

மோகனராஜ் வந்தான். அழுதான். காலில் விழாத குறை. "நான் பொய் சொல்லணும்னு நெனக்கல யசோ, உன்ன இழக்கக் கூடாதுன்னு தான்," என்றான். இங்கேயே புதிதாக வீடு பார்ப்போம், அந்த வீட்டுப் படி மிதிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்தான். அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? மன்னித்தாள். சனிக்கிழமைகளில் அந்த ஒற்றை அறைக்கு வந்து, பாயில் படுத்து, ஞாயிறு மாலை போனான். மூன்று நாலு வாரம் ஒழுங்காக வந்தான்.

பிறகு ஒரு சனிக்கிழமை. காலையிலிருந்தே கண்டி முழுக்க அடைமழை. அவள் அவனுக்காகச் சமைத்து வைத்திருந்தாள். மத்தியானம் அவன் போன் எடுத்தான்.

"இந்தக் கிழம வர முடியாது யசோ. இங்க ஆபீஸ்ல அவசர வேல. கொழும்புலயும் சரியான மழ."

"சரி, கவனமா இருங்க," என்றாள்.

பின்னால் மழைச் சத்தம் கேட்டது. தகரக் கூரையில் விழுகிற மழை. கொழும்பு ஆபீசில் ஏது தகரக் கூரை என்று அவள் யோசிக்கவில்லை.

சோற்றை மூடி வைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மகாவலி ஆறு செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் போன் சிணுங்கியது. அந்த மென்பொருளைப் போனிலிருந்து அழித்துவிடு என்று நடராஜா எத்தனையோ தடவை சொல்லியிருந்தான். அவளுக்கு மனம் வரவில்லை. தாயை அப்படியாவது பார்க்கலாமே என்று வைத்திருந்தாள்.

'மோகனராஜ், யசோதினி வீட்டுக்கு வந்திருக்கிறார்கள்.'

படத்தைத் திறந்தாள்.

மேட்டு வீட்டு வாசல். மழை கோடு கோடாக விழுந்துகொண்டிருந்தது. மோகனராஜ் குடை பிடித்துக்கொண்டு கேட்டைத் தாண்டி நடந்து வருகிறான். அவன் தலைக்கு மேல் குடை இல்லை. பக்கத்தில், வெறும் காற்றின் மேல், முழுவதுமாகச் சாய்த்துப் பிடித்திருந்தான். அவன் சட்டை தோளிலிருந்து நனைந்து உடம்போடு ஒட்டிப்போயிருந்தது. யாரோ மெல்லிய குரலில் பேசுவதைக் கேட்பவன்போலத் தலையைக் குனிந்திருந்தான்.

சிரித்துக்கொண்டிருந்தான்.